பிக்கப்புக்குப் பிக்கப் கூட்ட: ஃபோர்டு எஃப்-150இல் சூப்பர்சார்ஜர் ஏற்றுவது எப்படி?

வண்டி மேட்டில் திணறினால் "பிக்கப் இல்லை" என்பது நம் ஒர்க்‌ஷாப் பேச்சு. அமெரிக்காவில் பிக்கப் என்றால் அது ஒரு வண்டி வகை. அந்தப் பிக்கப்புக்குப் பிக்கப் கூட்ட அங்கே பலர் தேர்ந்தெடுக்கும் வழி, எஞ்சின் மேல் ஒரு சூப்பர்சார்ஜரை ஏற்றிவிடுவது. கம்பெனிகளே இதைச் செய்திருக்கின்றன: 1999இல் வந்த ஃபோர்டு லைட்னிங், 2021இல் வந்த ராம் டி.ஆர்.எக்ஸ்., 2023இல் வந்த ராப்டர் ஆர் மூன்றும் சூப்பர்சார்ஜரோடு பிறந்தவை. சாதாரணமாக வாங்கிய வண்டிக்கு வெளியிலிருந்து கிட் வாங்கிப் பொருத்துவதைப் பற்றியது இந்தக் கட்டுரை. முதல்முறை இறங்குபவரை மனதில் வைத்து எழுதியது.

உதாரண வண்டி, ஃபோர்டு எஃப்-150இன் 5.0 லிட்டர் வி8. 'கயோட்டி' என்று அழைக்கப்படும் எஞ்சின். 2015 முதல் 2020 வரையிலான மாடல்களை எடுத்துக்கொள்வோம். அதே வண்டியில் வரும் 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் ஏற்கெனவே இரண்டு டர்போ உள்ளது. இங்கே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

டர்போ புகைக்குழாய் வழியே போகும் வெப்பக் காற்றால் சுழலும். சூப்பர்சார்ஜர் கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட் வழியாகச் சுழலும். இரண்டுமே செய்வது ஒன்றுதான்: எஞ்சின் தானாக உறிஞ்சுவதைவிட அதிகக் காற்றை உள்ளே திணிப்பது. அப்படித் திணிக்கும் கூடுதல் அழுத்தத்துக்குப் பூஸ்ட் என்று பெயர். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், அழுத்திச் சூடான காற்றைக் குளிரவைக்க வேண்டும், தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதும் மாற வேண்டும். பூஸ்ட் ஏற்றி உடைந்துபோன எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்தால் சூப்பர்சார்ஜர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும். அதனால் கிட் வாங்கும்போதும், பொருத்தும்போதும், பொருத்தி முடித்த பிறகும் கண் இந்த மூன்றின் மேலேயே இருக்கட்டும்.

எஞ்சின் தாங்குமா?

பணம் கட்டும் முன் எஞ்சினைச் சோதியுங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் முதலில்: ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது என்று அளப்பது. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், எட்டுப் பிளக்கும் வெளியே, திராட்டில் முழுத் திறப்பில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று. சாதாரண ஓட்டத்துக்கு, மிகக் குறைந்த சிலிண்டர் மிக அதிகமானதில் 75 சதவீதம் காட்டினாலே போதும் என்பது வழக்கமான அளவு. பூஸ்ட் ஏற்றப்போகும் எஞ்சினுக்கு அந்தத் தாராளம் கூடாது. எட்டுச் சிலிண்டர்களுக்குள் வேறுபாடு 10 சதவீதத்தைத் தாண்டினால் லீக்டவுன் டெஸ்ட்டும் செய்யுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றை விட்டு, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பதுதான் அது. 10 சதவீதத்துக்குள் என்றால் நல்லது. கூடுதலாகக் கசிந்தால் காதைக் கொடுங்கள்: ஆயில் ஊற்றும் வாயில் 'உஸ்' என்றால் ரிங், சைலென்சர் பக்கம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, திராட்டில் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. கூலன்ட் டாங்கில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். இவற்றில் எது இருந்தாலும் சூப்பர்சார்ஜர் பணத்தை அதற்குச் செலவழியுங்கள்.

2015–17 எஞ்சினும் 2018–20 எஞ்சினும் ஒன்றல்ல. முந்தையது 385 எச்.பி., கம்ப்ரஷன் விகிதம் 10.5, பெட்ரோல் இன்டேக் போர்ட்டில் மட்டும் தெளிக்கும். பிந்தையது 395 எச்.பி., விகிதம் 12.0, போர்ட்டிலும் நேரடியாகச் சிலிண்டருக்குள்ளும் தெளிக்கும். கூடவே பத்து கியர் ஆட்டோமேட்டிக். 12 என்பது பூஸ்ட்டுக்கு அதிகம்தான். சிலிண்டருக்குள்ளேயே ஆவியாகும் பெட்ரோல் அங்கிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் மட்டமான பெட்ரோல் ஊற்றினாலோ, பெட்ரோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் வண்டிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் டியூன் சற்றுப் பிசகினாலோ, 10.5 எஞ்சின் பொறுத்துக்கொள்வதை 12 எஞ்சின் பொறுக்காது.

கயோட்டியின் இன்னொரு பலவீனம் ஆயில் பம்ப் கியர். உலோகப் பொடியை அழுத்திச் செய்த கியர் அது. எஞ்சினை அடிக்கடி ரெவ் லிமிட்டர்வரை (சுழற்சியின் உச்ச வரம்புவரை) அடித்தாலோ, பின்சக்கரம் பிடித்தும் விட்டும் துள்ளினாலோ நொறுங்கும் வாய்ப்பு உண்டு. நொறுங்கினால் ஆயில் அழுத்தம் ஒரே நொடியில் போய்விடும். இழுவைக்கும் நெடுஞ்சாலைக்கும் மட்டும் ஓட்டுபவர் அதை அப்படியே விட்டுவிடலாம். டிராக்கில் ஓட்டும் எண்ணம் இருந்தால், டைமிங் கவரைத் திறந்து முழு உருக்குக் கட்டியில் கடைந்த பில்லெட் ஸ்டீல் கியரும் கிராங்க் ஸ்பிராக்கெட்டும் மாற்றிவிடுவது நல்லது. அது தனி வேலை, தனிச் செலவு.

மூன்று வகை

ரூட்ஸ் வகைதான் மூத்தது. இந்தியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்றபோது அது தொழிற்சாலைக்குக் காற்று ஊதும் எந்திரம். இன்றைய வடிவம் ஈட்டன் கம்பெனியின் டி.வி.எஸ். மதுரையில் பிறந்த டி.வி.எஸ்.ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, 'ட்வின் வோர்டிசஸ் சீரிஸ்' என்பதன் சுருக்கம் இது. முறுக்கிய நான்கு இதழ் கொண்ட இரண்டு ரோட்டர்கள் காற்றை அள்ளிக் கீழே தள்ளும். பெயருக்குப் பின்னால் வரும் 1900, 2300, 2650 என்ற எண்கள் ஒரு சுற்றுக்கு எத்தனை க்யூபிக் சென்டிமீட்டர் காற்று என்பதைச் சொல்கின்றன. ரூஷ், எடல்பிராக், மேக்னசன் கிட்டுகளில் உள்ளே இருப்பது இதுதான்.

இரண்டாவது ட்வின் ஸ்க்ரூ. ஒரு ரோட்டர் ஆண், மற்றது பெண். ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்தில் இறங்கி, காற்றைச் சூப்பர்சார்ஜருக்குள்ளேயே அழுத்திவிடும். விப்பிள் இந்த வகை. பூஸ்ட் ஏற ஏற, ரூட்ஸைவிடக் குறைவாகச் சூடாகும்.

மூன்றாவது சென்ட்ரிஃபியூகல். புரோசார்ஜர், வோர்டெக் இரண்டும் இதில் சேரும். பார்த்தால் டர்போவின் பாதி போல இருக்கும். எஞ்சின் முன்பக்கம் பிராக்கெட்டில் தொங்கும். கம்பெனி இன்டேக் மானிஃபோல்டைக் கழற்றத் தேவையில்லை என்பதால் பொருத்துவது எளிது, திரும்பக் கழற்றுவதும் எளிது. குறை எங்கே என்றால், இதன் பூஸ்ட் ஏறக்குறைய சுழற்சியின் வர்க்கத்தில் ஏறும். 6,500 ஆர்.பி.எம்.மில் 9 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 9 பவுண்டு அழுத்தம்) தருகிற சார்ஜர், 3,250இல் சுமார் 2 பி.எஸ்.ஐ.தான் தரும். பின்னால் டிரெய்லர் கட்டி மலையேறும் வண்டி வேலை செய்வது 2,000க்கும் 3,500க்கும் நடுவில். அங்கே தேவைப்படும்போது கை கொடுக்காத பூஸ்ட்டால் என்ன பயன்?

ஆகவே இழுவை வண்டிக்கு ரூட்ஸ் அல்லது ட்வின் ஸ்க்ரூ. மிதித்த உடனே பூஸ்ட் வரும். டிரெய்லரே கட்டாமல், மேல் ஆர்.பி.எம். ஓட்டத்தை விரும்புபவருக்குச் சென்ட்ரிஃபியூகல் நன்றாகவே பொருந்தும். ட்வின் ஸ்க்ரூவா டி.வி.எஸ்.ஸா என்ற வாக்குவாதம் முடிவில்லாமல் நடக்கும். 6 முதல் 10 பி.எஸ்.ஐ.க்குள் ஓட்டுபவருக்கு அந்த வித்தியாசத்தைவிடக் கிட்டோடு வரும் டியூனும், அழுத்திச் சூடான காற்றைத் தண்ணீரால் குளிரவைக்கும் இன்டர்கூலரும் முக்கியம்.

கொலராடோவின் டென்வர் போல 5,280 அடி உயரத்தில் ஓட்டுபவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே காற்றழுத்தம் 12 பி.எஸ்.ஐ.யை ஒட்டியது, கடல்மட்டத்தில் 14.7. எஞ்சின் பிறந்தபோது இருந்த சக்தியில் ஆறில் ஒரு பங்கு ஏற்கெனவே போயிருக்கும். சூப்பர்சார்ஜர் முதலில் அதை மீட்டுத் தந்துவிட்டுத்தான் மேலே தரும்.

கிட் வாங்கும்போது

கிட்டுகள் இரண்டு விதமாக விற்கும். முழுக் கிட்டில் சூப்பர்சார்ஜர், இன்டர்கூலர், இன்டர்கூலர் தண்ணீரை ஆற்ற முன்னால் வைக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர், தண்ணீர் பம்ப், இன்ஜெக்டர், பெல்ட், ஏர் பாக்ஸ், ஒயரிங், டியூன் எல்லாம் இருக்கும். 'டியூனர் கிட்' என்று விலை குறைத்து விற்பதில் இன்ஜெக்டரும் டியூனும் இருக்காது. அவற்றைத் தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டும். முதல்முறை செய்பவர் டியூனர் கிட் பக்கம் போகவே வேண்டாம். முழுக் கிட்டுக்கு 8,000 முதல் 10,000 டாலர், ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் கூலி 1,500 முதல் 2,500 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் எச்.பி.யை நம்பும் முன் இன்ஜெக்டர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பூஸ்ட் எஞ்சினுக்கு ஒரு எச்.பி.க்கு மணிக்குச் சுமார் 0.6 பவுண்டு பெட்ரோல் வேண்டும். 600 எச்.பி. என்றால் 360 பவுண்டு. எட்டால் வகுத்தால் 45. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, எனவே 45ஐ 0.85ஆல் வகுத்தால் 53. ஆக, போர்ட் இன்ஜெக்டர் மட்டும் உள்ள 2015–17 எஞ்சினில் 600 எச்.பி.யைத் தொட 53 பவுண்டு இன்ஜெக்டராவது வேண்டும். 39 பவுண்டு இன்ஜெக்டரோடு 600 எச்.பி. என்று எழுதியிருந்தால் யாரோ கணக்கில் கோட்டைவிட்டிருக்கிறார்கள். டாங்கிலுள்ள பம்ப் ஈடுகொடுக்குமா, கிட்டோடு பம்ப் பூஸ்டர் வருகிறதா என்றும் கேளுங்கள்.

வெப்பக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 30 டிகிரி காற்றை 9 பி.எஸ்.ஐ.க்கு அழுத்தினால், எந்த இழப்பும் இல்லாத கற்பனைக் கருவியிலேயே 74 டிகிரியாகிவிடும். நிஜக் கருவியில் 95 டிகிரியைத் தாண்டும். அந்தக் காற்று அப்படியே சிலிண்டருக்குப் போனால், பிளக் பொறியில் பற்றிய தீ வந்து சேரும் முன்பே மூலையில் கிடக்கும் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டனில் சுத்தியல் அடிப்பது போன்ற சத்தம் வரும். அதுதான் நாக்கிங். சில நொடி தொடர்ந்தாலே ரிங் இருக்கும் பள்ளத்தின் விளிம்பு உடைந்துவிடும். எனவே ஹீட் எக்ஸ்சேஞ்சர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. டெக்சாஸ், அரிசோனா வெயிலில் டிரெய்லர் இழுப்பவர்கள் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

சட்டம்: கலிஃபோர்னியாவில் அந்த மாநிலக் காற்று வாரியமான 'கார்ப்' கொடுக்கும் இ.ஓ. என்ற அனுமதி எண் இல்லாத கிட் பொருத்தினால் ஸ்மாக் எனப்படும் புகைச் சோதனையில் வண்டி தேறாது. அந்த எண் உங்கள் வண்டியின் ஆண்டுக்கும் எஞ்சினுக்கும் உரியதா என்று பாருங்கள். 2017க்கு வாங்கிய எண் 2018க்குச் செல்லாது. எண்ணோடு வரும் ஸ்டிக்கரை எஞ்சின் அறையில் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். மற்ற மாநிலங்களிலும் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளை முடக்குவது மத்தியச் சட்டத்துக்குப் புறம்பானதே. இ.ஓ. உள்ள கிட் வாங்கினால் இந்தத் தலைவலி எங்கேயும் இல்லை.

பெட்ரோல் பற்றி ஒரு குறிப்பு. கிட்டுகள் 91 ஆக்டேனாவது கேட்கும். அமெரிக்க பங்க்கில் எழுதியிருக்கும் எண், ரான், மான் என்ற இரண்டு அளவுகளின் சராசரி. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் எழுதுவது ரான் மட்டும். அமெரிக்காவின் 91, ரான் கணக்கில் 95ஐ ஒட்டி வரும். ஊர் எண்ணை வைத்து ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். கலிஃபோர்னியாவில் பிரீமியம் 91தான். கிழக்கு மாநிலங்களில் பெரும்பாலும் 93. டியூன் எதற்கென்று எழுதப்பட்டதோ அதையே ஊற்ற வேண்டும்.

வேலைக்கு முன்

ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். கிட்டோடு வரும் கைக்கருவியால் வண்டிக் கம்ப்யூட்டரின் கம்பெனி டியூனைப் படித்து, டியூன் எழுதுபவருக்கு அனுப்பிவிடுங்கள். வண்டியைப் பிரித்துப் போட்ட பிறகு இதை நினைத்துப் பார்த்தால், கோப்பு திரும்பி வரும்வரை கராஜில் பிணமாகக் கிடக்கும். டாங்கில் பழைய பெட்ரோலைத் தீர்த்துப் பிரீமியம் நிரப்புங்கள். எஞ்சின் அறையைக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள்.

கருவிகளில் கட்டாயம் வேண்டியவை: சிறிய அளவுக்கும் பெரிய அளவுக்கும் தனித்தனி டார்க் ரெஞ்ச், பெட்ரோல் லைன் கிளிப் கழற்றும் கருவி, பிளக் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், கூலன்ட்டை வெற்றிடத்தில் இழுத்து நிரப்பும் கருவி, வாக்குவம் கிளீனர், பேட்டரி சார்ஜர், எஞ்சின் ஹாய்ஸ்ட் அல்லது தோள் வலுவுள்ள இரண்டு பேர். பழகிய கைக்கு 12 முதல் 16 மணி நேரம். முதல்முறை என்றால் மூன்று முழு நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு ஹோஸையும் கனெக்டரையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்து, டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள்.

கழற்றுதல்

எஞ்சின் நன்றாக ஆறட்டும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், தானாக அணையும். மீண்டும் ஐந்து நொடி சுழற்றினால் லைனில் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். 2018 முதல் வந்த எஞ்சினில் நேரடி இன்ஜெக்ஷன் லைன் தனி. அதில் அழுத்தம் ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ.; தோலைத் துளைத்துவிடும். கிட் தாள் சொல்லாமல் அந்தப் பக்கம் ஸ்பேனரே போகக் கூடாது.

ஏர் பைப், திராட்டில் பாடி, எஞ்சின் அடிப்பகுதி வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுவரும் பி.சி.வி. ஹோஸ், இன்ஜெக்டர் கனெக்டர் என்று வரிசையாகக் கழற்றி, கடைசியில் இன்டேக் மானிஃபோல்டின் போல்ட்டுகளை வெளியிலிருந்து உள்நோக்கித் தளர்த்துங்கள். ஆனால் தூக்கும் முன் நிறுத்துங்கள். மானிஃபோல்டைச் சுற்றிலும் மணலும் காய்ந்த இலைத் துகளும் படிந்திருக்கும். தூக்கிய மறு நொடி அது திறந்த போர்ட்டுக்குள் விழும், நேராக வால்வுக்கு மேல். முதலில் வாக்குவம் போட்டு உறிஞ்சிவிட்டுத் தூக்குங்கள். தூக்கிய கையோடு எட்டுப் போர்ட்டையும் அகலமான டேப்பால் மூடுங்கள். துணியைத் திணிக்காதீர்கள், திணித்த துணி ஒன்று உள்ளேயே மறந்துபோய் எஞ்சின் போனது பழைய கதை.

மானிஃபோல்டுக்குக் கீழே இரண்டு பக்கத்துச் சிலிண்டர்களுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் நாக் சென்சர்கள் இருக்கும். இந்த எஞ்சினின் உயிரைக் காக்கும் காது அவை. ஒயரை எலி கடித்திருக்கிறதா, கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மேலே சூப்பர்சார்ஜர் உட்கார்ந்த பிறகு அங்கே விரல்கூட நுழையாது.

பிளக்

காயில்களைக் கழற்றியதும் பிளக் குழிக்குள் காற்று ஊதுங்கள், பிறகு பிளக்கைத் தளர்த்துங்கள். புதிய பிளக் கம்பெனிப் பிளக்கைவிட ஒரு படி குளிர்ந்த வகையாக, அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் வகையாக, இருக்க வேண்டும். கிட் தாளில் எண் இருக்கும். இடைவெளி கம்பெனி எஞ்சினில் 1.25 முதல் 1.35 மில்லிமீட்டர். பூஸ்ட்டில் 0.7 முதல் 0.8. அழுத்தம் கூடின காற்றைத் தாண்டிப் பொறி குதிக்க முடியாமல் போவதுதான் காரணம். மிதிக்கும்போது மட்டும் எஞ்சின் விக்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான். பெட்டியில் 'ஏற்கெனவே சரிசெய்தது' என்று போட்டிருந்தாலும் எட்டையும் கேஜ் வைத்துப் பாருங்கள். ஆறிய எஞ்சினில் 15 நியூட்டன் மீட்டர். புரிக்கு கிரீஸ் போன்ற எதையும் பூச வேண்டாம். பூசினால் ரெஞ்ச் 15 காட்டும்போது உள்ளே அதைவிட அதிகம் இறுகியிருக்கும்.

முன்பக்கம்

கிரில்லையும் பம்பர் மேல்மூடியையும் கழற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் ஹீட் எக்ஸ்சேஞ்சரைப் பொருத்துங்கள். 2015 முதல் வந்த எஃப்-150இல் தானாகத் திறந்து மூடும் கிரில் ஷட்டர் உண்டு. அதற்கு இடம் விட்டு எப்படிப் பொருத்துவது என்பதைக் கிட் தாள் சொல்லும். ஷட்டர் ஹோஸில் இடிக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். இடித்தால் சில வாரத்தில் ஹோஸ் தேய்ந்து ஓட்டை விழும். தண்ணீர் பம்ப்பை ரிசர்வாயருக்குக் கீழே, சுற்றிலேயே தாழ்வான இடத்தில் வையுங்கள். அது தானாக உறிஞ்சத் தெரியாத பம்ப்; தண்ணீர் அதைத் தேடி வர வேண்டும்.

சூப்பர்சார்ஜரை உட்கார வைத்தல்

இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளில் சுத்தமான எஞ்சின் ஆயிலை ஒரு துளி தடவி, நேராக அழுத்துங்கள். உலர்ந்த ஓ-ரிங் சுருண்டு வெட்டுப்படும், அங்கேதான் பெட்ரோல் கசியும். போர்ட் டேப்பை எடுத்து, ஹெட்டின் முகத்தை ஆல்கஹால் துணியால் துடையுங்கள். சுரண்டக் கத்தி எடுக்காதீர்கள், அலுமினியத்தில் கீறல் விழுந்தால் காற்று கசியும். பழைய மானிஃபோல்டில் இருந்ததைவிட நீளமான இரண்டு போல்ட்டுகளின் தலையை வெட்டி, எதிரெதிர் மூலையில் கையால் திருகி நிறுத்தினால் அவை வழிகாட்டிக் கம்பிகளாகிவிடும். ஹாய்ஸ்ட்டில் தொங்கும் சூப்பர்சார்ஜர் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு நேராக இறங்கும். கம்பி இல்லாமல் இறக்கினால் கண் மதிப்பில் சரியாகத் தெரியும். கேஸ்கெட் மட்டும் ஒரு போர்ட்டில் நழுவி மடங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்த பிறகுதான் தெரியவரும், திரும்ப எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலால் திருகுங்கள். பிறகு நடுவிலிருந்து வெளிநோக்கி, இரண்டு சுற்றாக, கிட் தாளில் உள்ள டார்க்குக்கு இறுக்குங்கள். சிறிய போல்ட்டுகள் இவை. 10 நியூட்டன் மீட்டர் என்பது கை மணிக்கட்டின் பலம்தான். பெரிய ரெஞ்சால் 'இன்னும் கொஞ்சம்' என்று இழுத்தால் ஹெட்டின் புரி கையோடு வந்துவிடும்.

அடுத்து பெல்ட். தாளில் உள்ள வழிப்படம் போலவே போட்டு, டென்ஷனரை விட்டபின், எல்லாப் புல்லியிலும் பெல்ட்டின் வரிகள் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு வரி தள்ளி உட்கார்ந்த பெல்ட் ஐந்து நிமிடத்தில் பிய்ந்துவிடும். நேரான இரும்புத் தகட்டை வைத்துப் புல்லிகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிராங்க்கை ஸ்பேனரால் இரண்டு சுற்று கையால் சுழற்றுங்கள்.

பானட்டை மூடும் முன் ஒரு வேலை. சூப்பர்சார்ஜரின் உயரமான இடங்களில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருண்டையாக வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, பானட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய களிமண்ணின் கனம் 10 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் எங்கோ சரியாக உட்காரவில்லை என்று பொருள். மிதிக்கும்போது எஞ்சின் தன் மவுண்ட்டில் எழும்பிச் சாயும். அப்போது பானட்டில் இடிக்கும்.

தண்ணீர், டியூன், முதல் ஸ்டார்ட்

எஞ்சின் கூலன்ட், இன்டர்கூலர் கூலன்ட் இரண்டும் தனித்தனிச் சுற்று. இரண்டையும் வெற்றிடக் கருவியால் நிரப்புங்கள். இன்டர்கூலர் சுற்றில் ஏர் லாக் விழுந்தால் பம்ப் ஓடும் சத்தம் கேட்கும், தண்ணீர் ஓடாது. ரிசர்வாயர் மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் கலங்கிச் சுழல வேண்டும்; அசையாமல் நின்றால் ஏர் லாக்.

டியூன் ஏற்றாமல் 'சும்மா ஒருமுறை' ஸ்டார்ட் போட்டுப் பார்க்காதீர்கள். பழைய டியூனுக்குப் பெரிய இன்ஜெக்டர் தெரியாது. பெட்ரோலைக் கொட்டிப் பிளக்கை நனைத்துவிடும். டியூன் ஏற்றும்போது பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி, விளக்கு, ஃபேன் எல்லாம் அணைத்து, கதவைத் திறந்து மூடாமல் காத்திருங்கள். பாதியில் மின்சாரம் தொய்ந்தால் கம்ப்யூட்டர் செத்துப்போகலாம்.

பிறகு ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மூன்று முறை ஆன் செய்து, ஒவ்வொரு முறையும் பெட்ரோல் ரெயிலில் டார்ச் அடித்துக் கசிவு பாருங்கள். கசிவு இல்லையென்றால் ஸ்டார்ட். சில நொடி தடுமாறி நிற்கலாம், அது சகஜம். உடனே சீறும் சத்தம் கேட்டால் அணைத்துவிட்டு, கழன்ற ஹோஸைத் தேடுங்கள்.

பதிவு பார்த்த பிறகே மிதி

முதல் 150 கிலோமீட்டர் பூஸ்ட் ஏறாதபடி மெதுவாக ஓட்டுங்கள். கைக்கருவியில் பதிவு எடுத்து முதலில் பார்க்க வேண்டியது ஃபியூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது என்ற எண். கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. நின்ற இடத்தில் கூட்டல் 10க்கு மேல் ஏறி, ஓடும்போது இறங்கினால், சூப்பர்சார்ஜருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் எங்கோ வெளிக்காற்று நுழைகிறது. நழுவிய கேஸ்கெட்டின் அடையாளம் இதுதான்.

டிரிம் சரியான பிறகே முழு மிதி, அதுவும் டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தி அளக்கும் எந்திரத்தில்) அல்லது மூடிய டிராக்கில். டியூன் எழுதுபவர் அந்தப் பதிவைப் பார்ப்பார், நீங்களும் பாருங்கள். காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் லாம்ப்டா (1க்குக் கீழே இறங்க இறங்கப் பெட்ரோல் கூடுதல்) 0.78க்கும் 0.82க்கும் இடையில் நிற்க வேண்டும். மேல் ஆர்.பி.எம்.மில் 0.85, 0.88 என்று ஏறினால் காலை எடுங்கள், பெட்ரோல் போதவில்லை. பெட்ரோல் ரெயில் அழுத்தம் கூடவே சரிந்தால் பம்ப். சரியாமல் நின்றால் இன்ஜெக்டர். நாக்கிங் தெரிந்து தீப்பொறியைக் கம்ப்யூட்டர் பின்னுக்கு இழுப்பது ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வந்தால் டியூன் மாற வேண்டும், அல்லது ஊற்றியது மட்டமான பெட்ரோல்.

இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்றின் சூடு, நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது வெளிக்காற்றைவிட 15, 20 டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. 40 டிகிரி கூடுதல் என்றால் பம்ப் ஓடவில்லை அல்லது ஏர் லாக்.

பூஸ்ட் 4,500 ஆர்.பி.எம்.வரை ஒழுங்காக ஏறி, அதற்கு மேல் தொய்ந்தால் பெல்ட் வழுக்குகிறது. புல்லி ஓரத்தில் கறுப்புப் பொடியும், பெல்ட்டின் உள்பக்கத்தில் பளபளப்பும் சாட்சி. டென்ஷனரைப் பாருங்கள், கூலன்ட்டோ ஆயிலோ சிந்தியிருந்தால் துடையுங்கள்.

சின்னப் புல்லி ஆசை

ஆறு மாதத்தில் எல்லாருக்கும் வரும் ஆசை இது. கிராங்க் புல்லியின் விட்டத்தைச் சூப்பர்சார்ஜர் புல்லியின் விட்டத்தால் வகுத்து ஆர்.பி.எம்.மால் பெருக்கினால் ரோட்டர் வேகம் வரும். உதாரணமாக 7.5 அங்குலமும் 3.75 அங்குலமும் என்றால் இரண்டு மடங்கு: 6,500க்கு 13,000. புல்லியை 3.25 ஆக்கினால் 15,000. பூஸ்ட் ஏறும், அதைவிட வேகமாகச் சூடு ஏறும், பெல்ட் பிடிக்கும் பரப்பு குறையும், பழைய டியூன் செல்லாது. புல்லியை மட்டும் மாற்றி, டியூனை விட்டுவிட்டவர்களால்தான் எஞ்சின் கடைக்காரர்களுக்கு வியாபாரம் நடக்கிறது.

இன்னொரு தவறான கணக்கு: எச்.பி. கூடிவிட்டதால் கூடுதல் எடை இழுக்கலாம் என்பது. வண்டியின் இழுவை வரம்பு ஃபிரேம், பிரேக், ஆக்ஸில், குளிர்ச்சி எல்லாம் சேர்த்து வைத்தது. கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும் எண் சூப்பர்சார்ஜர் ஏறியதற்காக ஒரு கிலோகூடக் கூடாது. அதே எடையை மேட்டில் திணறாமல் இழுக்கலாம், அவ்வளவே. கியர்பாக்ஸ் ஆயில் சூட்டையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

500 மைலில் எல்லாக் கிளாம்ப்பையும் பிராக்கெட் போல்ட்டையும் மறுபடி பாருங்கள். சூடாகி ஆறியதில் சில தளர்ந்திருக்கும். புரோசார்ஜரின் சொந்த ஆயிலை முதலில் 500 மைலிலும் பிறகு 6,000 மைலுக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகைகளில் இடைவெளி கிட்டுக்குக் கிட்டு மாறும், தாளைப் பாருங்கள். இன்டர்கூலர் ரிசர்வாயரை எஞ்சின் ஆயில் பார்க்கும்போதெல்லாம் பாருங்கள். அங்கே மட்டம் குறைந்துகொண்டே வந்து, வெளியே சொட்டும் இல்லையென்றால், இன்டர்கூலர் உள்ளுக்குள் கசிகிறது. தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

கழற்றிய இன்டேக் மானிஃபோல்டு, இன்ஜெக்டர், ஏர் பாக்ஸ், பெல்ட் எல்லாவற்றையும் போர்ட்டுகளை டேப்பால் மூடி, போல்ட்டுகளைப் பையில் போட்டுப் பெயர் எழுதி, ஒரே பெட்டியில் வையுங்கள். கம்பெனி டியூன் கோப்பையும் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்க வருபவர் பாதிப் பேர் கம்பெனி நிலையில்தான் கேட்பார்கள். சூப்பர்சார்ஜர் தனியாக நல்ல விலைக்குப் போகும்.